இரு அவைகளின் தலைமையிலும் சித்தூர் மண்ணின் மைந்தர்கள்: திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குத் தந்த இரண்டாவது மக்களவை

கங்காதர நெல்லூர்: ஆந்திரப் பிரதேசத்தின் கங்காதர நெல்லூர் சட்டப்பேரவைத் தொகுதியில் உள்ள கார்வேட்டிநகரத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டு அமைந்துள்ளது. இன்று இரண்டும் வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்தவை. ஆனால், 1960-ஆம் ஆண்டு மார்ச் 31 வரை இரண்டும் ஒரே சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. இவற்றுக்கு இடையே மாநில எல்லையை வகுத்தது நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறிய ஒரு சட்டமாகும்.

அந்தச் சட்டம் நிறைவேறிய காலத்தில் மக்களவையின் சபாநாயகராக இருந்தவர் திருச்சானூரில் பிறந்த எம். அனந்தசயனம் ஐயங்கார். மாநிலங்களவைத் தலைவராக இருந்தவர் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இரு ஊர்களும் அப்போது சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தன. அவற்றுள் திருத்தணியை அந்தச் சட்டம் சென்னை மாநிலத்துக்கு மாற்றியது.

1957 முதல் 1962 வரை செயல்பட்ட இரண்டாவது மக்களவையின் பதவிக்காலம், தலைமை, உறுப்பினர்கள், நிறைவேற்றிய முக்கியச் சட்டங்கள், மாநில எல்லைகளை மாற்றுவதில் நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆகியவை குறித்த விவரங்கள் வருமாறு:

முக்கியத் தகவல்கள்

அமைக்கப்பட்ட நாள்: 1957 ஏப்ரல் 5
முதல் கூட்டம்: 1957 மே 10
கலைக்கப்பட்ட நாள்: 1962 மார்ச் 31
தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்: 494
பிரதமர், அவை முன்னவர்: ஜவாஹர்லால் நேரு
சபாநாயகர்: எம். அனந்தசயனம் ஐயங்கார்
துணை சபாநாயகர்: சர்தார் ஹுக்கம் சிங்

பதவிக்காலம்

அரசியல் சாசனத்தின் 83-வது பிரிவின்படி, மக்களவையின் பதவிக்காலம் அதன் முதல் கூட்டத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளாகும். அதற்கு முன்பாகவே அவையைக் கலைக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. இரண்டாவது மக்களவையின் ஐந்தாண்டுக் காலம் 1962 மே மாதத்தில்தான் முடிவடைய வேண்டும். எனினும், மூன்றாவது பொதுத் தேர்தல் அதற்குள் நடந்து முடிந்துவிட்டதால், மார்ச் 31-ஆம் தேதியே அவை கலைக்கப்பட்டது.

அவை கலைக்கப்பட்டவுடன் உறுப்பினர்கள் அனைவரும் பதவி இழக்கின்றனர். ஆனால், 94-வது பிரிவு சபாநாயகருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. புதிய மக்களவையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்பு வரை அவர் பதவியில் நீடிக்கிறார். இதன்படியே, அவை கலைக்கப்பட்ட பிறகும் 1962 ஏப்ரல் 16 வரை ஐயங்கார் சபாநாயகராக இருந்தார்.

உறுப்பினர்களும் கட்சிகளும்

1957 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடைபெற்ற இரண்டாவது பொதுத் தேர்தலில் சுமார் 19.3 கோடிப் பேர் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தனர். மொத்தம் 403 தொகுதிகளிலிருந்து 494 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவற்றுள் 91 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்ததே தொகுதி எண்ணிக்கைக்கும் உறுப்பினர் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம். இத்தகைய தொகுதிகளில் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டிருந்தது.

சித்தூரும் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. அங்கிருந்து அனந்தசயனம் ஐயங்காரும், பட்டியல் சாதியினருக்கான இடத்தில் டாக்டர் எம்.வி. கங்காதர சிவாவும் மக்களவைக்குச் சென்றனர். இரட்டை உறுப்பினர் முறையை 1961-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி ஒழித்ததும் இதே மக்களவைதான். அதன் பிறகு ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையும், தனித் தொகுதிகளும் நடைமுறைக்கு வந்தன.

தேர்தலில் காங்கிரஸ் 371 இடங்களில் வென்றது. இது மூன்றில் இரண்டு பங்குக்கும் கூடுதலாகும். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 27 இடங்களையும், பிரஜா சோஷலிஸ்ட் கட்சி 19 இடங்களையும், பாரதிய ஜனசங்கம் 4 இடங்களையும் பெற்றன. சுயேச்சைகள் 42 பேர் வெற்றி பெற்றனர்.

ஜனசங்கத்தின் நால்வரில் ஒருவர், உத்தரப் பிரதேசத்தின் பல்ராம்பூரிலிருந்து முதன்முறையாக மக்களவைக்கு வந்த அடல் பிஹாரி வாஜ்பாய். முதன்முறையாகத் தேர்தல் களம் கண்ட தி.மு.க.வின் சார்பில் ஈ.வெ.கி. சம்பத் நாமக்கல்லிலிருந்தும், இரா. தர்மலிங்கம் திருவண்ணாமலையிலிருந்தும் தேர்வாகினர்.

எதிர்க்கட்சிகளில் எதுவும் அவையின் பத்தில் ஒரு பங்கு இடங்களைப் பெறாததால், அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் இல்லை. ஐந்தாண்டு காலத்தில் அரசுக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம் எதுவும் விவாதத்துக்கு வரவில்லை. அத்தகைய முதல் தீர்மானம் 1963-ஆம் ஆண்டு மூன்றாவது மக்களவையில்தான் விவாதிக்கப்பட்டது.

மாநில வாரியாகப் பார்த்தால், 1957-இல் ஆந்திரப் பிரதேசத்துக்கு 43 இடங்களும் சென்னை மாநிலத்துக்கு 41 இடங்களும் இருந்தன. இன்று தெலங்கானா பிரிந்த பின்னர் ஆந்திரத்துக்கு 25 இடங்களும் தமிழ்நாட்டுக்கு 39 இடங்களும் உள்ளன.

திருச்சானூரிலிருந்து சபாநாயகர் இருக்கைக்கு

மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார் 1891 பிப்ரவரி 4-ஆம் தேதி திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்தார். அப்போது அப்பகுதி வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டில்தான் உருவாக்கப்பட்டது. சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரான அவர், 1934-இல் மத்திய சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தனிநபர் சத்தியாகிரகத்திலும் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் பங்கேற்றுச் சிறை சென்றார். பின்னர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும் பணியாற்றினார்.

1952-இல் திருப்பதி தொகுதியிலிருந்து முதலாவது மக்களவைக்குத் தேர்வான அவர், அதன் துணை சபாநாயகரானார். முதல் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர் 1956 பிப்ரவரி 27-ஆம் தேதி காலமானதைத் தொடர்ந்து, மார்ச் 8-ஆம் தேதி சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சித்தூர் தொகுதியிலிருந்து வென்று வந்த பிறகு, 1957 மே 11-ஆம் தேதி மீண்டும் அப்பதவியை ஏற்றார்.

1962 தேர்தலிலும் சித்தூரில் வென்ற ஐயங்கார், அதே ஆண்டில் பிகார் ஆளுநராக நியமிக்கப்பட்டதால் மக்களவையிலிருந்து விலகினார். அதையடுத்து நடந்த இடைத்தேர்தலில் சுதந்திராக் கட்சித் தலைவர் என்.ஜி. ரங்கா வெற்றி பெற்றார். ஐயங்கார் 1978 மார்ச் 19-ஆம் தேதி காலமானார்.

மாநிலங்களவையில் ராதாகிருஷ்ணன்

1888 செப்டம்பர் 5-ஆம் தேதி திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், 1952 முதல் 1962 வரை குடியரசுத் துணைத் தலைவராக இருந்தார். குடியரசுத் துணைத் தலைவரே மாநிலங்களவையின் தலைவராகவும் செயல்படுவார் என்பதால், இரண்டாவது மக்களவையின் காலம் முழுவதும் மேலவைக்கு அவர் தலைமை தாங்கினார். 1962 மே 13-ஆம் தேதி குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

அவைத் தலைமையில் இருப்பவர்கள் தங்கள் பகுதிக்காகப் பேசும் நிலையில் இருப்பதில்லை. சபாநாயகர் விவாதங்களில் ஒரு தரப்பாகப் பங்கேற்பதில்லை. அரசியல் சாசனத்தின் 100-வது பிரிவின்படி, வாக்கெடுப்பில் இரு தரப்பும் சம வாக்குகள் பெற்றால் மட்டுமே அவர் வாக்களிக்க முடியும். மாநிலங்களவைத் தலைவருக்கும் இதே விதி பொருந்தும்; அவர் அந்த அவையின் உறுப்பினரும் அல்லர்.

எல்லைச் சிக்கலின் பின்னணி

சென்னை மாநிலத்திலிருந்து தெலுங்கு பேசும் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டு, 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் உருவானது. சித்தூர் மாவட்டம் முழுமையாக ஆந்திரத்துடன் சேர்க்கப்பட்டது. தமிழ் பேசுவோர் மிகுந்திருந்த திருத்தணி உள்ளிட்ட பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டும் என்று ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் போராடியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் தெலுங்கு பேசுவோர் மிகுந்த பகுதிகளை ஆந்திரம் கோரியது.

இரு மாநில அரசுகளும் மத்தியஸ்தத்துக்கு ஒப்புக்கொண்டதை அடுத்து, எச்.வி. படாஸ்கர் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டார். கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் பேசும் மொழி, நிலப்பரப்பின் தொடர்ச்சி ஆகியவற்றின் அடிப்படையில் அவர் பரிந்துரைகளை அளித்தார். அப்பரிந்துரைகளைச் செயல்படுத்த இயற்றப்பட்டதே 1959-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசம் மற்றும் சென்னை (எல்லைகள் மாற்றம்) சட்டம். இது அந்த ஆண்டின் 56-வது சட்டமாகும்.

1960 ஏப்ரல் 1: மாறிய வரைபடம்

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. சித்தூர் மாவட்டத்தின் திருத்தணி வட்டம், பள்ளிப்பட்டு உள்வட்டம் உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்துடன் இணைந்தன. இவற்றின் பரப்பு சுமார் 405 சதுர மைல். இதற்கு ஈடாக, செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களிலிருந்து சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகளும், சேலம் மாவட்டத்திலிருந்து சில கிராமங்களும் ஆந்திரத்துக்கு மாற்றப்பட்டன. இவற்றின் பரப்பு சுமார் 326 சதுர மைல்.

மாற்றம் சட்டப்பேரவைகளிலும் எதிரொலித்தது. 1957-இல் 205 இடங்களைக் கொண்டிருந்த சென்னை சட்டப்பேரவை 1962 தேர்தலில் 206 இடங்களைக் கொண்டதாக ஆனது. ஆந்திர சட்டப்பேரவையின் எண்ணிக்கை 301-லிருந்து 300 ஆகக் குறைந்தது.

மொழியை அடிப்படையாகக் கொண்டு எல்லை வகுக்கப்பட்டாலும், மொழிகள் அந்தக் கோட்டோடு நின்றுவிடவில்லை. நகரி, சத்தியவேடு பகுதிகளில் தமிழ் பேசுவோரும், திருத்தணி, பள்ளிப்பட்டு பகுதிகளில் தெலுங்கு பேசுவோரும் இன்றும் வாழ்கின்றனர். இத்தகைய மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்கப் போதிய வசதி செய்து தர மாநிலங்கள் முயல வேண்டும் என 350-ஏ பிரிவு கூறுகிறது. மாநில மறுசீரமைப்பையொட்டி 1956-ஆம் ஆண்டின் 7-வது திருத்தத்தில் இது சேர்க்கப்பட்டது.

நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்ன?

மாநிலங்களின் எல்லையையும் பெயரையும் மாற்றவும், புதிய மாநிலங்களை உருவாக்கவும் அரசியல் சாசனத்தின் 3-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. இதற்கான மசோதாவை அறிமுகப்படுத்தக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை தேவை. பாதிக்கப்படும் மாநிலங்களின் சட்டப்பேரவைகளுக்கு மசோதாவை அனுப்பி, குறிப்பிட்ட காலத்துக்குள் கருத்து கேட்க வேண்டும்.

கருத்தைக் கேட்பது கட்டாயம், ஏற்பது கட்டாயமல்ல. பாபுலால் பராட்டே வழக்கில் 1959 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. மேலும், இத்தகைய சட்டம் அரசியல் சாசனத் திருத்தமாகக் கருதப்படாது என 4-வது பிரிவு கூறுவதால், இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மையே போதுமானது.

இதே அதிகாரத்தின்கீழ் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பம்பாய் மாநிலம் பிரிக்கப்பட்டு, 1960 மே 1-ஆம் தேதி மகாராஷ்டிரமும் குஜராத்தும் உருவாயின. அந்தச் சட்டத்தையும் இரண்டாவது மக்களவையே நிறைவேற்றியது.

ஆனால், நிலப்பகுதியை வேறொரு நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதாக இருந்தால் இந்த வழி செல்லாது. பெருபாரி பகுதியை அன்றைய பாகிஸ்தானுடன் பகிர்ந்துகொள்வது குறித்துக் குடியரசுத் தலைவர் கருத்து கேட்டபோது, அதற்கு அரசியல் சாசனத் திருத்தம் அவசியம் என 1960 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. அதன்படி 9-வது திருத்தம் நிறைவேற்றப்பட்டது.

ஆந்திரம் 3-வது பிரிவின் வலிமையை மீண்டும் 2014-இல் கண்டது. மாநிலத்தைப் பிரிக்கும் மசோதாவை ஆந்திர சட்டப்பேரவை ஜனவரி 30-ஆம் தேதி குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. அப்போதைய முதல்வர், சித்தூர் மாவட்டம் பீலேரு தொகுதியைச் சேர்ந்த என். கிரண் குமார் ரெட்டி, பிரிவினையை எதிர்த்தார். எனினும், மக்களவை பிப்ரவரி 18-ஆம் தேதியும் மாநிலங்களவை 20-ஆம் தேதியும் மசோதாவை நிறைவேற்றின.

முதல் கூட்டுக் கூட்டம்

இரண்டாவது மக்களவையின் காலத்தில்தான் நாடாளுமன்ற வரலாற்றின் முதல் கூட்டுக் கூட்டம் நடைபெற்றது. வரதட்சிணைத் தடை மசோதாவில் வரதட்சிணை என்பதற்கான விளக்கம் குறித்து இரு அவைகளும் உடன்படவில்லை. இத்தகைய சூழலில் 108-வது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் இரு அவைகளையும் ஒன்றாகக் கூட்டலாம்.

1961 மே 6, 9 ஆகிய தேதிகளில் கூட்டுக் கூட்டம் நடைபெற்றது. கூட்டுக் கூட்டத்துக்கு மக்களவையின் சபாநாயகரே தலைமை வகிப்பார் என்பதால், அந்தப் பொறுப்பு ஐயங்காருக்குக் கிடைத்தது. மசோதா நிறைவேறி, அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் 1978, 2002 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே சட்டம் இயற்றுவதற்கான கூட்டுக் கூட்டங்கள் நடந்துள்ளன.

பிற முக்கியச் சட்டங்கள்

பதிப்புரிமைச் சட்டம் (1957), ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் (1958), ஆயுதச் சட்டம் (1959), விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் (1960), மகப்பேறு நலச் சட்டம், வழக்கறிஞர்கள் சட்டம், வருமான வரிச் சட்டம் (மூன்றும் 1961) ஆகியவை இந்த அவையின் காலத்தில் நிறைவேறின. இவற்றுள் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் 2025-ஆம் ஆண்டில்தான் நிறைவேற்றப்பட்டது.

அரசியல் சாசனத்தின் 8 முதல் 12 வரையிலான ஐந்து திருத்தங்களும் இக்காலத்தவை. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தொகுதி ஒதுக்கீட்டை மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது 8-வது திருத்தம். தாத்ரா நகர் ஹவேலியை 10-வது திருத்தமும், கோவா, டாமன், டையூவை 12-வது திருத்தமும் இந்திய யூனியன் பிரதேசங்களாகச் சேர்த்தன.

கேள்வி எழுப்பிய ஆளுங்கட்சி உறுப்பினர்

ஆளுங்கட்சிக்குப் பெரும் பலம் இருந்தபோதிலும், அரசை உலுக்கிய கேள்வி அதன் வரிசையிலிருந்தே எழுந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை வாங்கியது குறித்து, காங்கிரஸ் உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி 1957 டிசம்பரில் மக்களவையில் பிரச்சினை எழுப்பினார். நீதிபதி எம்.சி. சக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கையைப் பிரதமர் நேருவே தாக்கல் செய்தார்.

அன்றும் இன்றும்

தற்போதைய 18-வது மக்களவையின் முதல் கூட்டம் 2024 ஜூன் 24-ஆம் தேதி தொடங்கியது. 543 உறுப்பினர்களைக் கொண்ட இந்த அவையின் சபாநாயகராக ஓம் பிர்லா மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சபாநாயகரையும் துணை சபாநாயகரையும் அவை இயன்ற விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என 93-வது பிரிவு கூறினாலும், கால வரம்பு எதையும் விதிக்கவில்லை. 17-வது மக்களவையின் ஐந்தாண்டு முழுவதும் துணை சபாநாயகர் பதவி காலியாகவே இருந்தது. 1956-இல் மாவ்லங்கரின் மறைவுக்குப் பின் அவையை நடத்திச் செல்ல அனுபவம் வாய்ந்த துணை சபாநாயகராக ஐயங்கார் இருந்தது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

கங்காதர நெல்லூர் இன்று பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. 2008 தொகுதி மறுவரையறையின்படி உருவாகி, 2009-இல் முதல் தேர்தலைச் சந்தித்தது. கங்காதர நெல்லூர், கார்வேட்டிநகரம், பாலசமுத்திரம், பெனுமூர், வெதுருகுப்பம், ஸ்ரீரங்கராஜபுரம் ஆகிய மண்டலங்கள் இதில் அடங்கும். சித்தூர் மக்களவைத் தொகுதியின் ஏழு சட்டப்பேரவைத் தொகுதிகளுள் இது ஒன்று. சித்தூர் மக்களவைத் தொகுதியும் 2009 முதல் தனித் தொகுதியாக உள்ளது. 2024 தேர்தலில் தெலுங்கு தேசம் கட்சியின் தக்குமல்ல பிரசாத ராவ் சித்தூர் மக்களவை உறுப்பினராகவும், அதே கட்சியின் வி.எம். தாமஸ் கங்காதர நெல்லூர் சட்டப்பேரவை உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கையை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை மாற்றாமல் நிறுத்தி வைத்தது 2001-ஆம் ஆண்டின் 84-வது திருத்தம். 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொண்டு நாட்டின் பெரும்பகுதியில் கணக்கெடுப்பு நடத்தப்படும் என மத்திய அரசு அறிவித்துள்ளது.

மக்களவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை குரல்கள் என்ற கேள்வி, எல்லையோரக் கிராமங்களுக்குப் புதிதல்ல. கார்வேட்டிநகரமும் பள்ளிப்பட்டும் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதை இறுதியில் தீர்மானித்தது டெல்லியில் எண்ணப்பட்ட வாக்குகளே. அன்று இரு அவைகளின் தலைமை இருக்கைகளிலும் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர்களே இருந்தும், அந்த முடிவில் வாக்களிக்கும் உரிமை அவைகளின் உறுப்பினர்களுக்கே இருந்தது.